ஐந்தாவது டேப்

செருப்பை அங்கேயே விட்டுட்டு இப்படிச் சுத்திப் பின்னாடி வந்துடுங்கக்கா. முன்வாசல்ல உக்காந்தா நீங்க பேசறது எனக்குக் கேக்காது, நான் பேசறது உங்களுக்குக் கேக்காது. ரெண்டு பக்கமும் தறிங்க. காலையில ஓட ஆரம்பிச்சா அடங்கறதே இல்ல. சோமனூர்ப் பக்கம் எந்த வூட்டுக்குப் போனாலும் இதே கச்சேரிதான். கல்யாணமாகி வந்த புதுசுல எங்க வூட்டுக்காரர் என்ன சொன்னாலும் நான் ‘ஆ?’ ‘ஆ?’ங்கறது. செவிட்டுப் பொண்ணைத் தலையில கட்டிட்டாங்கன்னு எங்க மாமியார் பயந்தே போயிட்டாங்க. புண்ணியவதி, இப்ப இல்ல.

இந்தச் சிமெண்டு மேடையில உக்காருங்க. முருங்கை நிழல் இருக்குது. மேல பூச்சி கீச்சி விழுந்தா மட்டும் தட்டி விட்டுக்குங்க. மோர் குடிக்கிறீங்களா? வேண்டாமா? சரி, அப்பறமாக் குடிங்க.

பாட்டைக் கேட்டுட்டு வந்தேன்னு வாசல்ல சொன்னீங்க பாருங்க, அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. பெங்களூர்ல இருந்து ரெண்டு பேர் இதே மாதிரி வந்தாங்க. பாட்டுப் பதிஞ்ச ரூம் கதவு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. அப்பறம் ஒரு பேப்பர்காரர். பொம்பளையா வந்தது நீங்கதான் மொத ஆளு. அதனாலதான் வாங்க வாங்கன்னு பின்கட்டு வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டேன்.

அதோ அந்தக் கதவை ஒட்டிச் சேர் போட்டு உக்காந்திருக்காரே, அவருதான் எங்க மாமனார். டிஸ்கோ ரங்கராசு. இப்படிச் சுருங்கிப் போயிருக்காரேன்னு பாக்கறீங்களா? நீங்க கும்பிட்டதுக்கு அவரு கும்பிடலைன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. காது மந்தம். மிஷின் வாங்கிக் குடுத்திருக்குது, மாட்டத்தான் மாட்டேங்கறாரு. பக்கத்துல போய்க் கத்தினாத்தான் கேக்கும். ரெண்டு மாசமா இதே எடந்தான். சோறும் அங்கதான், காப்பியும் அங்கதான். நான் கொழந்தையை அந்த ரூம்ல படுக்க வைக்கப் போறப்ப மட்டும் வாயைத் தொறப்பாரு. ‘வேண்டாங் கண்ணு, வேண்டாங் கண்ணு’ம்பாரு. வயசானா அப்படித்தானுங்களே.

ஆமாங்க, எம்பொண்ணு உள்ளதான் தூங்கறா. நிறைமதி. மதின்னு கூப்பிடறது. வர்ற ஆவணிக்கு மூணு முடியுது. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் படுக்க வச்சேன். அவ தூங்கற நேரந்தான் எனக்கு நேரம். அதுக்குள்ள உங்களுக்கு எல்லாக் கதையும் சொல்லிடறேன்.

இந்த ரூமை மாமா எம்பத்திநாலுல கட்டினாராம். அப்ப ஆர்கெஸ்ட்ரா வச்சிருந்தாரு. மாரியம்மன் நோம்பி, மில்லு விழா, கல்யாணம், எதுக்கும் ரங்கராசு குழுதான். சிங்கப்பூர்ல இருந்த பங்காளி ஒருத்தர் ஒரு ஜப்பான் கீபோர்டு, தானாத் தாளம் போடற மிஷினு, கூடவே நாலஞ்சு வெளிநாட்டுக் கேசட்டு எல்லாம் கொண்டாந்து குடுத்திருக்காரு. அவ்வளவுதான், மாமாவுக்குப் பித்துப் புடிச்சிருச்சு. தபேலாக்காரரை நிறுத்தியே போட்டாரு. ‘மிஷினு காப்பி கேக்காது, பீடி கேக்காது’ன்னாராம்.

சரி, பாட்டைப் பதியலாம்னா தறிச் சத்தம். அதுக்குத்தான் இந்த ரூம். செவுரு பூரா தென்னநார் மெத்தை, அதுக்கு மேல சாக்கு. கதவுக்கும் மெத்தை. சன்னலே கிடையாது. கதவு அந்தக் கனத்துக்குத் தானாத் தொறந்துக்கும், அதனால வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். பாடறவங்களை உள்ள விட்டுத் தாழ் போட்டுட்டு, மாமா இந்தத் தாழ்வாரத்துல டேப் மிஷினோட உக்காந்துக்குவாராம். உள்ள ஃபேன் போடக் கூடாது, போட்டா அந்தச் சத்தமும் டேப்புல ஏறிடும். ஒரு பாட்டுன்னா அஞ்சு நிமிசம், தாங்கிக்க வேண்டியதுதானே.

பெரியவங்க செஞ்சு வச்சது எதுவும் வீண் போறதில்லைங்க. மதி பொறந்து ஆறு மாசம் எங்களைத் தூங்க விடல. தறி ஓடினா முழிச்சுக்குவா, நின்னா ஏன் நின்னுச்சுன்னு முழிச்சுக்குவா. ஒரு நாள் யோசிச்சேன், இவ்வளவு பெரிய ரூமைப் பூட்டி வச்சுட்டு நாம ஏன் இப்படிச் சாகறோம்னு. கூட்டித் தொடைச்சு, பாய் விரிச்சு, கதவைச் சாத்தினேன் பாருங்க, கிணத்துக்குள்ள போன மாதிரி ஆயிருச்சு. அஞ்சே நிமிசம், புள்ளை தூங்கிட்டா. ஃபேன் ஒண்ணு தொங்குது, ஆனா போட்டாக் கிரீச்சுன்னு கத்தும், அதனால போடறதில்ல. உள்ள எவ்வளவு கத்தினாலும் வெளிய வராது. இந்த மாதிரி ரூம் யாரு வூட்டுலங்க இருக்குது? எங்க அக்கா வந்து பாத்துட்டு, ‘குடுத்து வச்சவடி கோகிலா நீ’ன்னு பெருமூச்சு விட்டுட்டுப் போனா.

நான் பாருங்க, எதையோ பேசிட்டு இருக்கறேன். நீங்க பாட்டைப் பத்திக் கேக்க வந்தீங்க.

லூக்கான்னு ஒருத்தருங்க, இத்தாலிக்காரர். கோயமுத்தூருக்கு வந்தப்ப உக்கடத்துப் பழைய சாமான் கடையில மாமாவோட கேசட்டு அவரு கையில சிக்கியிருக்குது. ‘டிஸ்கோ கொலுசு’ன்னு பேரு, நாலே பாட்டு. கேட்டுட்டு மனுசன் அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாராம். அவங்க ஊர்ல அதே காலத்துல, எம்பத்திமூணு எம்பத்தஞ்சுல, மிஷின் தாளத்த வச்சு இதே மாதிரிப் பாட்டுப் போட்டிருக்காங்க. இட்டாலோ டிஸ்கோன்னு சொல்றது. மெட்டு அழுவும், தாளம் குதிக்கும். நடுவுல யாரும் சீந்தல. இப்பத்திப் புள்ளைங்க அதுக்குத்தான் பைத்தியமா அலையுதாம். பழசெல்லாம் திரும்பக் கருப்பு ரெக்கார்டுத் தட்டுல வருது. லூக்கா கம்பெனி மட்டும் போன வருசம் அஞ்சு தட்டு விட்டிருக்குது. ஒண்ணு யூகோஸ்லாவியாவுது, ஒண்ணு நைஜீரியாவுது, ரெண்டு அவங்க ஊர்து. அஞ்சாவது நம்மது. மொதல்ல வித்துத் தீந்தது எதுங்கறீங்க? நம்மதுதான்! பத்தாவது கூடத் தாண்டாதவ நான், இன்னைக்கு இட்டாலோவுக்கும் எலக்ட்ரோவுக்கும் என்ன வித்தியாசம்னு கேளுங்க, சொல்றேன்.

அவரோட நான் போன்லதான் பேசறது. அவரு பேசறதைப் போன் தமிழ்ல மாத்திச் சொல்லும், நான் பேசறதை அவருக்கு மாத்திச் சொல்லும். ஒருதரம் மாமாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொன்னேன். அது அங்க என்னத்தச் சொல்லுச்சோ, அந்தாளு ரொம்ப சந்தோசம், வாழ்த்துகள்ங்கறாரு.

கேசட்டு தேஞ்சு போயிருக்குது, முதல்ல பதிஞ்ச பெரிய டேப்பு இருந்தா அனுப்புங்கன்னு கேட்டாரு. பரண் மேல இருந்துச்சு. பூசணம் புடிச்சு வெள்ளை வெள்ளையா. வெயில்ல போடட்டுமான்னு கேட்டதுக்கு அலறிட்டாரு. நாம அப்பளத்தைக் காய வைக்கற மாதிரி அவங்க ஊர்ல டேப்பை ஒரு பெட்டிக்குள்ள வச்சு எளஞ்சூட்டுல காய வைப்பாங்களாம். அப்படியே அனுப்புங்க, கை வைக்காதீங்கன்னுட்டாரு.

மொத்தம் அஞ்சு டேப்புங்க. மாமா ஒவ்வொண்ணாத் தடவித் தடவிப் பாத்தாரு. நாலை எடுத்து ஒரு பக்கம் வச்சுட்டு, அஞ்சாவதை எங்கையில குடுத்து, ‘இதை வெந்நி அடுப்புல போட்டுரு கண்ணு’ன்னாரு. நானும் சரிங்க மாமான்னு வாங்கிட்டேன்.

ஆனாக் கூரியர்க்காரங்க குடுத்த அட்டைப்பெட்டி இருக்குது பாருங்க, நாலை வச்சா ஒரு பக்கம் லொடலொடன்னு ஆடுது. அவ்வளவு தூரம் போற பொருளு, ஒடைஞ்சு போச்சுன்னா? துணி வச்சு அடைக்கலாம்னு பாத்தேன். அப்பறம் அந்த அஞ்சாவதை வச்சுப் பாத்தேன். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துருச்சு! இதைப் போய் எரிக்கறதாவதுன்னு அப்படியே ஒட்டி அனுப்பிட்டேன். மாமா கிட்டச் சொல்லல. எனக்கு எதையும் வீணாக்கப் புடிக்காதுங்க. முருங்கைக்காய்ச் சக்கையைக் கூட ஆட்டுக்குப் போடறவ நான்.

அந்த டேப்பாலதான் இவ்வளவு பேரும்! லூக்கா போன் பண்ணி, பேச வராம மூச்சு வாங்கறாரு. அந்த நாலும் நல்ல பாட்டு, ஆனா அஞ்சாவதுல இருக்கறது வேறங்கறாரு. டப்பா மேல பென்சில்ல ‘பிலோமினா, ஏழாவது டேக்கு’ன்னு எழுதியிருந்துச்சு. ஒரே பாட்டை ஏழாவது தரம் பாடியிருக்குது அந்தப் பொண்ணு. பாட்டு முடியுது. தாள மிஷின் மட்டும் நிக்காம ஓடுது. அதுக்கு மேல பொண்ணு பேசுது. ‘போதுமுங்கண்ணே.’ அப்பறம், ‘கதவைத் தொறங்கண்ணே, மூச்சு முட்டுது.’ அப்பறம் தட்டுது. டொக், டொக், டொக்.

எங்க வூட்டுக்காரர் கேட்டுட்டு, அந்தக் காலத்துப் பாட்டுல நடுவுல வசனம் வருமில்ல, அதுதான்னுட்டாரு.

லூக்கா என்ன சொன்னாரு தெரியுங்களா? ‘உங்க மாமனார் மேதை. அந்தப் பொண்ணு தட்டறது முதல்ல வேகமா இருக்குது, அப்பறம் மெதுவாகுது, அப்பறம் ரொம்ப மெதுவாகுது, கடைசியில இல்லாமயே போயிடுது. மிஷின் மட்டும் டேப்பு தீர்ற வரைக்கும் ஓடிட்டே இருக்குது. எம்பத்தஞ்சுல எங்காளுங்க ஒருத்தனும் இதை யோசிச்சதில்ல’ன்னாரு. எனக்குப் பெருமையாப் போச்சு.

அதை பெர்லின்ல ஒரு பொண்ணு கிட்டக் குடுத்திருக்காங்க. அவ அந்தத் தட்டற சத்தத்தை எடுத்துத் தாளமா வச்சு, ‘கதவைத் தொறங்கண்ணே’ங்கறதைத் திருப்பித் திருப்பி வர வச்சு ரீமிக்ஸு பண்ணிட்டா. தட்டுல முன்பக்கம் பழைய பாட்டு, பின்பக்கம் இது. பின்பக்கந்தான் ஓஹோன்னு ஓடுது. ஆயிரக்கணக்குல சனம் கையைத் தூக்கிட்டு ‘தொறங்கண்ணே, தொறங்கண்ணே’ன்னு குதிக்கறாங்க, வீடியோ அனுப்பியிருந்தாரு. வெள்ளைக்காரங்க வாயில நம்ம தமிழ்! ஒருத்தன் அதைப் பத்தி எழுதியிருக்கான், போன்ல மாத்திப் படிச்சேன். ‘கேட்டு முடிச்சதும் எழுந்து போய் என் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தேன்’னு எழுதியிருக்கான். என்ன ஒரு ரசனை பாருங்க.

நீங்களும் போன்லதான் கேட்டீங்களா? உங்க பொண்ணு ரீல்ஸ் பாக்கறப்ப வந்துச்சா? அதான். எங்க மதி கூடப் பாடறா. ‘தொங்கண்ணே, தொங்கண்ணே’ம்பா. கேட்டாச் சிரிப்பா வரும்.

மாமாவுக்குத்தான் என்னவோ ஆகிப் போச்சு. தட்டு பார்சல்ல வந்துச்சு, சுத்தறதுக்கு மிஷின் எங்க இருக்குது நம்ம கிட்ட? போன்ல இருந்து ஸ்பீக்கர்ல போட்டு விட்டோம். முதப்பக்கம் வரைக்கும் தலையை ஆட்டிட்டுத்தான் இருந்தாரு. பின்பக்கம் வந்துச்சு. மூணாவது டொக்கோ நாலாவது டொக்கோ, காது மிஷினைக் கழட்டிக் காப்பி டம்ளருக்குள்ள போட்டுட்டாரு. நல்லவேளை, காப்பி ஆறியிருந்துச்சு. அரிசியில போட்டு எடுத்தேன், நல்லாத்தான் ஓடுது. ஆனா அன்னைக்கு எந்திரிச்சுப் போயி அந்தக் கதவுகிட்ட உக்காந்தவருதான்.

இதுல ஒண்ணு சொல்லட்டுங்களா? அங்கயே உக்காந்திருக்காரே ஒழிய, அந்தத் தாழ்ப்பாளை மட்டும் தொட மாட்டாரு. இன்னைக்கு நேத்தில்ல, நான் வந்து எட்டு வருசமாச்சு, ஒரு நாளும் தொட்டு நான் பாத்ததில்ல. என்னமோ சுடற மாதிரிக் கையை இழுத்துக்குவாரு.

ஆங், கேக்குதுங்களா? டொக்கு டொக்குன்னு. மதி முழிச்சுட்டா. காதை நல்லா வச்சாத்தான் கேக்கும், மெத்தைக் கதவு இல்லீங்களா. அட, நீங்க ஏன் பதறுறீங்க? கொஞ்ச நேரம் அப்படித்தான் தட்டுவா. தட்டின உடனே போய்த் தொறந்தா அதையே பழக்கமாக்கிக்குவா. விட்டுட்டா தானா அடங்கித் தூங்கிருவா. நான் கண்டுபுடிச்ச வைத்தியம் இது.

எங்க விட்டேன்? பிலோமினா. லூக்காவும் இதேதான் கேட்டாரு, அந்தப் பொண்ணு யாரு, அட்டையில பேர் போடணும்னு. மாமா பேரு தெரியாதுன்னு போடச் சொல்லிட்டாரு. டப்பாவுல எழுதியிருக்குதே மாமான்னேன். ‘அவ பம்பாய் போயிட்டா. சொந்தம்னு யாரும் கிடையாது’ன்னாரு. போத்தனூர் ரயில்வே காலனியில இருந்து வந்து பாடினதாம், சர்ச்சுல பாடற பொண்ணாம். அவ்வளவுதான் தெரியும்.

நீங்களும் போத்தனூரா! அட, அப்பச் சின்ன வயசுல எங்கயாவது பாத்திருப்பீங்களே? உங்களுக்கு அப்ப என்ன, ஒரு பத்து வயசு இருக்குமா? மூச்சுத் தொந்தரவு இருந்த பொண்ணா? அது எனக்குத் தெரியலீங்க. மாமா அதெல்லாம் சொன்னதில்ல.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா? கேட்டிருக்கேனே, ஒருதரம் சொன்னாரு. சித்திரை மாசமாம். ஏழாவது டேக்கு ஓடிட்டு இருக்கறப்ப, கண்ணம்பாளையத்துல இருந்து நோம்பிக்கு ஆர்கெஸ்ட்ரா பேச ஆள் வந்துட்டாங்களாம். அவ்வளவு பெரிய கச்சேரி அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. உடனே வா, கமிட்டி உக்காந்திருக்குதுன்னு வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. டேப்பு பாட்டுக்கு ஓடிட்டு இருந்திருக்குது. திரும்பி வர்றப்ப பொழுது சாய்ஞ்சிருச்சாம்.

அதுக்கு மேல மாமா சொல்லலீங்க. கச்சேரி கெடைச்சுதான்னு கேட்டேன். கெடைச்சுதாம். ஆனாப் போகல. அந்த வாரமே கீபோர்டு, மிஷின் எல்லாம் வித்துட்டு நாலு தறி வாங்கிப் போட்டுட்டாரு. ஒரே நாள்ல பாட்டுப் பித்து எறங்கிருச்சு பாருங்க. அதுவும் நல்லதுக்குத்தான். இல்லைன்னா இந்தக் குடும்பம் இப்படி நிமிர்ந்திருக்குமா? பொறுப்புன்னா அப்படி ஒரு பொறுப்பு. பின்னாடி ஒரு கிணறு இருந்துச்சாம், அதையும் அந்த வாரமே மண்ணைக் கொட்டி மூடிச் சிமெண்டு போட்டுட்டாரு. கொழந்தை குட்டி ஓடியாடற எடம் பாருங்க. ஆனா எங்க வூட்டுக்காரர் பொறந்ததே அதுக்கு அஞ்சு வருசம் கழிச்சு! அப்பவே அவ்வளவு முன்யோசனை.

எங்கயா? நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே மேடைதான்.

ஏனுங்கக்கா எந்திரிச்சுட்டீங்க? பூச்சி விழுந்துருச்சா?

பாத்தீங்களா, நான் சொன்னேனில்ல, மதி தட்டறதை நிறுத்திட்டா. தானா அடங்கிருச்சு. உள்ள படுக்க வச்சு எவ்வளவு நேரமாச்சா? இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். பேச்சு சொவாரஸ்யத்துல நானும் கவனிக்கல. உள்ள கொஞ்சம் புழுக்கந்தான், பங்குனி வெயில் இல்லீங்களா... அக்கா, எங்க போறீங்க? அங்க போகாதீங்க, மாமாவுக்குப் புதுசா யாராவது கிட்ட வந்தாப் புடிக்காது. அக்கா—

அய்யோ, என்னங்க, இப்படிக் கத்தறீங்க!

ரெண்டு கையாலயும் அந்தக் கதவைப் போட்டு அடிக்கறீங்களே. ‘கதவைத் தொறங்கண்ணே’ன்னு... அட, அப்படியே ரெக்கார்டுல இருக்கற மாதிரியே சொல்றீங்க! அதே கொரலு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சு. இன்னொருக்காச் சொல்லுங்க, நான் போன்ல—

மாமா?

மாமா, பாத்து, விழுந்துருவீங்க. சேரைப் புடிச்சுக்குங்க. நான் தொறக்கறேன், நீங்க விடுங்க. பாருங்கக்கா, தாழ்ப்பாள்ல கையை வச்சுட்டாரு. எட்டு வருசமாத் தொடாத மனுசன். இழுக்க முடியல. நீங்களும் புடிச்சு இழுங்க, ரெண்டு பேருமாச் சேந்து, ஆங்.

தொறந்துருச்சு. மதி! மதிக்கண்ணு! எங்கடி... கதவோரமாவே சுருண்டு கெடக்கறா. சாமி, எந்திரி சாமி. தொப்பலா நனைஞ்சிருக்கறா. ஏன் மூஞ்சி இப்படிச் செவந்து... மதி! அம்மாவைப் பாரு. கண்ணைத் தொற.

ஆங், அழுகறா. அழுகறாக்கா. அழுவு சாமி, நல்லா அழுவு. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கொஞ்சம் வேர்த்துப் போச்சு, அவ்வளவுதான். இந்த மோரைக் குடி. நான்தான் வந்துட்டேனில்ல.

நீங்க ஏங்க அழுகறீங்க? அதான் கொழந்தை முழிச்சுட்டாளே. மாமா, நீங்க எதுக்குங்க அவங்க கால்ல... எந்திரிங்க மாமா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? என்ன சொல்றீங்க? பிலோவா? இவங்க பிலோமினா இல்லீங்க மாமா. அந்தப் பொண்ணுதான் பம்பாய் போயிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. இவங்க பாட்டைக் கேட்டுட்டுப் போத்தனூர்ல இருந்து வந்திருக்கறாங்க.

ஏனுங்கக்கா, இவ்வளவு நேரமா நானே பேசிட்டு இருந்துட்டேன். உங்க பேரென்னன்னு நான் கேக்கவே இல்லையே?